டேப்பட் சத்தம்

என் அக்காவின் கணவரை நான் இருபத்தாறு வருடமாக மாமா என்று கூப்பிடுகிறேன். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியதை எல்லாம் எழுதினால் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பாதிகூட நிரம்பாது. பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொட்டு எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதும், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. பெட்ரோல் போட்டுக் கட்டுபடியாகாது என்று மாமா தன் பழைய காரை கேஸுக்கு மாற்றினார். இரண்டே வருடத்தில் எஞ்சினின் மேல்பாதியைக் கழற்றும்படி ஆயிற்று. மெக்கானிக் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்த வால்வின் விளிம்பு எலி கடித்த மாதிரி இருந்தது. மாமா அதைத் துடைத்து டிவி மேல் வைத்தார். மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பொம்மை இருக்கும்.

அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின். அந்த ஈயம் வால்வு வந்து உட்காரும் இடத்துக்கு மெத்தை மாதிரி. கேஸ் வறட்டுத்தனமாக எரியும், மெத்தை கிடையாது. வால்வு அடித்து அடித்து, உட்காரும் இடம் தேயும். வால்வு உள்ளே இறங்க இறங்க, அதன் தலைமாட்டில் விட்டிருக்கும் மயிரிழை இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி போய்விட்டால் வால்வு சரியாக மூடாது. மூடாத வால்வு கருகிவிடும். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். தெரிய வேண்டிய நாளில் தெரியவில்லை.

மாமா எஞ்சின் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அதில் ஈயத்துக்குப் பதிலாக வால்வு எண்ணெய் ஊற்றினார். ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்த, தேதி முடிந்த, பிரிக்காத டியூப் வழியாக நிமிடத்துக்கு ஆறு சொட்டு உள்ளே போகும். தெருவில் எல்லோரும் "காருக்கும் டிரிப்ஸ் ஏறுதா?" என்று கேட்பார்கள். "ஏறுது" என்பார். இதற்கு மேல் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை விட்டு எட்டு வால்வின் இடைவெளியையும் பார்ப்பார். அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடிப்பாள், நோட்டில் எழுதுவாள். இடைவெளியை எப்போதும் ஒரு பொட்டு அதிகமாகத்தான் வைப்பார். தேய இடம் வேண்டுமே. அதனால் அந்தக் கார் கடகடவென்று ஒரு சத்தம் போடும், மெக்கானிக்குகள் டேப்பட் சத்தம் என்பார்கள். தையல் மெஷினைத் தகரத்தின் மேல் வைத்து ஓட்டுவதுபோல.

எனக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான், எனக்கு மானம் போகும்.

மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த வாரம் கார் என் கைக்கு வந்தது. அவர் மறுபடி ஓட்ட வரும்போது அசத்திவிட வேண்டும் என்று, வழியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "டேப்பட் சத்தம் துளிகூட வரக்கூடாது" என்றேன். அவனும் நல்ல வேலைக்காரன். துளிகூட வரவில்லை.

இரண்டு நடை பூப்போல ஓடியது. மூன்றாவது நடை திங்கட்கிழமை. இடையில் இரண்டு நாள் டயாலிசிஸ் இல்லாததால் அக்காவின் முகமும் காலும் வீங்கியிருந்தன. பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. பாதி வழியில், மேம்பாலத்து ஏற்றத்தில், கார் உதறியது, திணறியது, நின்றது. ஓரங்கட்டி, வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். ஒருத்தரும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மாமாவுக்குப் போன் செய்தேன்.

"சத்தம் எப்படி இருந்துச்சு?" என்றார்.

"சத்தமே இல்ல மாமா. நான்தான் சரிபண்ணச் சொன்னேன்."



"போனை உங்க அக்காகிட்ட குடு."

அக்கா கேட்டாள். "சரிங்க" என்றாள். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"நீ உட்காருக்கா!"

"நீ நகருடா. டிக்கியில ஸ்பேனர் போட்ட நீலப் பை இருக்கும், எடு."

பானெட்டுக்கு முன்னால் ஸ்டெப்னி டயரைப் போட்டு அதில் உட்கார்ந்தாள். வால்வுகளுக்கு மேல் இருக்கும் மூடியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன், கை சுட்டது. கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றச் சொன்னாள், சுற்றினேன். தகட்டை அவளே நுழைத்துப் பார்த்தாள். முதல் வால்வில் நுழையவில்லை. மூன்றாவதிலும் நுழையவில்லை. "லூசு பண்ணு. இன்னும். கொஞ்சம் இறுக்கு. நிறுத்து." இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு இழுத்தாள். எட்டு வால்வுக்கும் அப்படித்தான். என் கூடப்பிறந்தவளை மூச்சுமுட்ட வைத்து, நடுரோட்டில் டயர்மேல் உட்கார்த்தியது நான்தான்.

"இப்போ போடு" என்றாள்.

சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமியது. பிறகு கடகடவென்று பிடித்தது. தகரம், தையல் மெஷின் எல்லாம் திரும்பி வந்தன. வாழ்க்கையில் எந்தப் பாட்டையும் நான் அப்படிக் கேட்டதில்லை.

முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் என்னைத் திட்டினாள். நன்றாகவே திட்டினாள். அக்காவை மெஷினில் போட்ட பிறகு கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

நாலு மணி நேரம் கழித்து அக்கா வந்தாள். முகம் வற்றியிருந்தது, மூச்சு சீராக இருந்தது. அதே நேரத்துக்கு மாமா போன் செய்தார்.

"ஸ்டார்ட் பண்ணிட்டுப் போனை எஞ்சின்கிட்ட வை."

வைத்தேன். ஒற்றைக் கண்ணில் கட்டோடு வீட்டில் படுத்துக்கொண்டு, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து, ஒரு முழு நிமிடம் கேட்டார். அக்காவும் ஏறாமல் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். போனை நான் காதில் வைத்தேன்.

"ம்" என்றார் மாமா. "இப்போ அக்காவை ஏறச் சொல்லு."