முதுகு காட்டி உட்காரும் விஜயகலா

எங்கள் கல்லூரி வளாகத்தில் ஓர் அறை இருக்கிறது. அதன் கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். யார் வந்தாலும் போனாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். முதன்முதலில் அதைக் கண்டபோது இது என்ன கூத்து என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவள் பெயர் விஜயகலா. நூலகத்தில் புத்தகம் அடுக்கும் உதவியாளர். நான் உருத்திரமூர்த்தி, மாணவர் நலப் பிரிவில் எழுதுவினைஞன். ஊர் யாழ்ப்பாணப் பக்கம். இடமாற்றம் என்னை இந்த மலையடிவாரத்தில் கொண்டுவந்து போட்டுப் பல வருடமாகிறது. இன்றைக்கும் இந்த மழையோடும் காலில் ஏறும் அட்டையோடும் எனக்குச் சமாதானம் வரவில்லை.

விலைவாசி தலைக்கேறிய அந்த வருடத்தில் பிள்ளைகள் விரிவுரையில் மயங்கி விழத் தொடங்கினார்கள். காலையில் வெறும் தேநீர், மத்தியானம் அதுவும் இல்லை. நிர்வாகம் கூட்டம் போட்டது, குழு அமைத்தது, அந்தக் குழுவுக்கு உபகுழு அமைத்தது. அதற்குள் விஜயகலா நூலகத்துக்குப் பின்னால் பழைய பத்திரிகைகள் கிடந்த அறையைக் கூட்டிக் கழுவி, தன் வீட்டு அரிசியில் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பிறகு பலாங்கொடைக் கடைக்காரர்கள் பருப்பும் சோயாவும் கொடுத்தார்கள். படிப்பு முடித்துப் போகிறவர்கள் வாளி, குடை, ஸ்வெட்டர், சோறு சமைக்கிற குக்கர், கல்குலேட்டர் என்று விட்டுப்போனார்கள். தேவையில்லாததை வைத்துவிட்டுத் தேவையானதை எடுத்துப் போகலாம். வைப்பதற்கு எதுவும் இல்லாதவர்கள் சும்மா எடுத்துப் போகலாம். சிங்களப் பிள்ளைகள் அதற்கு ‘அக்காகே காமரே’ என்று பெயர் வைத்தார்கள். அக்காவின் அறை.

யார் எதை எடுத்தார்கள் என்று எழுதி வைக்கச் சொன்னேன். முடியாது என்றாள். ஏன் என்று அதட்டினேன். அப்போதுதான் தன் கதையைச் சொன்னாள்.

கேகாலைப் பக்கம் ஒரு றப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள் அவள். பத்து வயதில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போனபோது, யாரோ கொடுத்த பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். பின்னால் இருந்தவள் அவளுடைய கழுத்துப் பட்டியைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே நூலால் தைத்திருந்தது அந்தப் பின்னால் இருந்தவளின் பெயர். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அடுத்த கிழமையே விஜயகலா அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டாள்.

“பசி கூட தாங்கலாம் சேர். அது தாங்க ஏலாது” என்றாள்.

அவள் ஏன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அறைக்கு வரும் எந்தப் பொருளும் அவள் கையில் ஒரு முறை புதிதாகப் பிறந்துதான் அலமாரித் தட்டுக்குப் போகும். பெயர் இருந்தால் பிரித்தெடுப்பாள். லேபல் இருந்தால் வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டுவாள். வாடை இருந்தால் அரிசி கழுவிய தண்ணீரிலும் தேசிக்காய்த் தோலிலும் நாள்கணக்காகப் போட்டு, வெயில் கண்ட நேரத்தில் காயவைப்பாள். அதைக் கொண்டுபோகிற பிள்ளை, வீட்டிலிருந்து அனுப்பினார்கள் என்று அறைத்தோழிகளிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அவள் கணக்கு. அவளுக்குக் குழந்தை இல்லை. புருஷன் கொழும்பில் வேலை என்று போனவர், போனவர்தான். அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த அறை.

சென்ற மழைக்காலத்தில் மேலே மண் சரிந்து விடுதிக்கு வரும் தண்ணீர்க் குழாய் உடைந்தது. பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. பிடித்து வைக்கப் பிள்ளைகளிடம் பாத்திரம் இல்லை. விஜயகலா தன் தம்பி யோகராஜிடம் சொல்லியனுப்பினாள். அவன் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற வேலை செய்கிறவன். நல்ல பிள்ளை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகக் கேட்டு, வாளியும் போத்தலும் வெள்ளைக் கேனுமாக ஒரு முச்சக்கரவண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினான். ஒரு கேனில் மட்டும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை இருந்ததாம். விஜயகலா அதற்கென்றே தேசிக்காய் வாங்கி வந்து, வாடை போகும்வரை ஊறவைத்தாள். அதில் ஒட்டியிருந்த கிழிந்த தாளையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள். கேன் பளிச்சென்று ஆனது. அன்றைக்கே அதை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். மறுமுனையில் யோகராஜ் அழுதுகொண்டிருந்தான்.

அவன் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது இவ்வளவுதான். லயத்தில் மருந்துக் கேனை ஒருபோதும் வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். பின்சுவரில் ஆணியடித்துக் கவிழ்த்துத்தான் தொங்கவிடுவார்கள். உள்ளே இருக்கும் கேன் தண்ணீருக்கு, வெளியே தொங்குவது விஷத்துக்கு. சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். கடும் மழை பெய்த நாளில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும் என்று அவன் மனைவி அதைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறாள். இவன் உள்ளே கண்டதை, உள்ளே இருந்தது என்பதற்காகவே, நல்ல கேன் என்று ஏற்றிவிட்டான். இன்றைக்கு மருந்தடிக்கப் போகக் கேனைத் தேடியபோதுதான் விளங்கியிருக்கிறது. அதில் இருந்தது தடைசெய்யப்பட்ட பழைய களைமருந்து. யாரோ பதுக்கி வைத்திருந்ததைத் தோட்டத்தில் இரகசியமாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கழுவித்தானே கொடுத்தீர் என்று கேட்டேன்.

“கைப்பிடி சேர்” என்றாள். “அது உள்ள ஓட்ட. கொழா மாதிரி. அதுக்குள்ள நிக்கிறது கழுவினா போகாது. கொஞ்சம் கொஞ்சமா எறங்கும்.”

யார் எடுத்தார்கள் என்று கேட்க வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். பதில் எனக்குத் தெரியும். கேன் போன அன்றைக்கும் அவள் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஒலிபெருக்கியில் அறிவித்தேன், சிங்களத்திலும் தமிழிலும். வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். அறையிலிருந்து வெள்ளைக் கேன் எடுத்தவர் உடனே அலுவலகத்துக்கு வரவும், உயிராபத்து. ஒருவரும் வரவில்லை. விடுதி முற்றத்தில் எல்லா வெள்ளைக் கேன்களையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னோம். வந்து குவிந்தவை எல்லாம் ஒரே அச்சு. ஒவ்வொருத்தியும் இது என் அப்பா வாங்கித் தந்தது, இது அம்பிலிப்பிட்டியவில் மாமா வாங்கியது என்று தன்னுடையதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அறையிலிருந்து வந்தது என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எப்படிச் சொல்வார்கள்? யோகராஜ் போனில் அடையாளம் சொன்னான், மூடியில் ஒரு வெட்டு இருக்கும் என்று. அந்தக் கேன் அங்கே இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டில்களுக்குக் கீழே எல்லாம் தேடுவோம், பொலிசைக் கூப்பிடுவோம் என்றேன்.

“வேணாம் சேர். தேடினா ஒளிச்சிருவாங்க. ஊத்திட்டு காட்டுக்குள்ள வீசிருவாங்க. குடிச்ச பிள்ள யாருன்னு அப்புறம் தெரியவே தெரியாது.”

“அப்ப என்ன செய்யப் போறீர்?”

“போய் உக்காரப் போறேன்” என்றாள்.

எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனாலும் பின்னால் போனேன். அவள் அறைக் கதவைத் திறந்து வைத்து, வழக்கம்போல முக்காலியைச் சுவர்ப்பக்கம் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நூலகத்தின் பின் அடுக்குகளுக்கு இடையில் நின்றேன். அங்கிருந்து அவளுடைய முதுகு மட்டும் தெரியும். மழை இருட்டியிருந்தது. கூரைத் தகரத்தில் தண்ணீர் விழும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு பிள்ளை வந்து நூடில்ஸ் எடுத்துப் போனது. இன்னொன்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஒவ்வொரு காலடிக்கும் அவளுடைய தோள் இறுகுவதை நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தேவாரமெல்லாம் மனதுக்குள் ஓடி முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

பிறகு, வாசலில் பிளாஸ்டிக் தரையில் உரசும் சத்தம். உள்ளே தண்ணீர் குலுங்கியது. கேன் நிறைந்து இருந்தால் அப்படிக் குலுங்காது.

விஜயகலா திரும்பினாள். அந்த அறை தொடங்கிய நாளிலிருந்து அவள் திரும்பியது அதுதான் முதல் தடவை.

வாசலில் நின்றவள் ஷாமிளா, எனக்குத் தெரிந்த பிள்ளை. கேனை வைத்துவிட்டு ஓடப் பார்த்தாள். விஜயகலாவின் கண்ணைக் கண்டதும் கால் நகரவில்லை.

“என்னோடது இல்லக்கா. என் ரூம்ல இருக்கிற றஹீமாவோடது. சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிட்டா.”

“குடிச்சாளா?”

“அவ மட்டுந்தான் குடிச்சா. எனக்கு கசந்திச்சு. நேத்துல இருந்து வாந்தி, தொண்ட புண்ணா இருக்குன்னு படுத்திருக்கா.”

மூடியில் வெட்டு இருந்தது.

றஹீமாவைக் கல்லூரி வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொடகவெலவுக்கு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துப் பிள்ளை. வாப்பா இல்லை. உம்மா வீடுகளில் சமையல் வேலை செய்கிறவர். வழி முழுக்கப் பிள்ளை தெளிவாகவே பேசிக்கொண்டு வந்தாள். பரீட்சை எப்போது என்றுகூடக் கேட்டாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. டாக்டர் கேனை முகர்ந்து பார்த்தார், எத்தனை நாளாகக் குடித்தாள் என்று கேட்டார், பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசத் தொடங்கினார். வந்த நிம்மதி அப்போதே போய்விட்டது. இந்த மருந்து உடனே எதுவும் செய்யாதாம். பேசவிட்டு, சிரிக்கவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் சிறுநீரகத்திலும் நுரையீரலிலும் தன் வேலையைக் காட்டுமாம். பார்க்கத்தான் வேண்டும் என்றார்.

கட்டிலில் றஹீமா விஜயகலாவின் கையைப் பிடித்தாள். தண்ணீர் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அக்கா, அந்த ரூம்ல எடுத்ததுன்னு உம்மாக்கு சொல்லிராதீங்க. அரிசியும் அங்கதான் எடுக்கிறேன்னு தெரிஞ்சா உம்மா தாங்க மாட்டாங்க. நான் கென்டீன்ல சாப்பிடுறேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.”

“சொல்ல மாட்டேன்” என்றாள் விஜயகலா.

உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது, இந்தப் பிள்ளைக்குக் கவலை இது. யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. தடைசெய்த மருந்தைப் பதுக்கியவனையா, பிள்ளைகளைப் பட்டினி போட்ட நாட்டையா, பத்து வயதுப் பிள்ளையின் சட்டையைப் புரட்டிப் பார்த்துச் சிரித்த அந்த வகுப்பையா?

பொழுது சாய்வதற்குள் உம்மா வந்தார், மழையில் நனைந்தபடி, செருப்பில் சேறோடு. மகளைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை பேசுகிறது, சிரிக்கிறது என்று முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் சன்னலுக்குப் போய் நின்றுகொண்டேன். கேன் தண்ணீரில் மருந்து கலந்திருந்தது என்று மட்டும் தொலைபேசியில் அவருக்குச் சொல்லியிருந்தோம். பிறகு அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காசு கொடுத்து வாங்க மகளிடம் வழியில்லையே, அந்தக் கேன் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். கடையில் என்று ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். விஜயகலா என் கையைத் தொட்டு நிறுத்தினாள். கண்ணைத் தாழ்த்தாமல் அந்த உம்மாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“எங்க வீட்டு கேன் அம்மா அது. நான்தான் கழுவி, என் கையால உங்க பிள்ளைக்கு குடுத்தேன்.”