மகளுக்கு நான் சின்னம்மா

என் மகள் என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். பெற்றவள் நான்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். எல்லாம் பருத்தியால் வந்தது.

ஆட்சி மாறிய புதிது. குத்தகைக்காரன் தன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொண்டால் அவனை நிலத்தை விட்டுக் கிளப்ப முடியாது என்று சட்டம் வந்திருந்தது. என் வீட்டுக்காரரும் மனு எழுதிக் கொடுத்தார். மிராசுதாருக்கு அதில் கோபம். போதாததற்கு, அந்த வருஷம் தை அறுப்பு முடிந்த கையோடு குத்தகை நிலமான ஆறு மாவிலும், அதாவது இரண்டு ஏக்கர் முழுக்க, பருத்தி ஊன்றிவிட்டோம். அதுவரை கோடை முழுக்கத் தரிசாகக் கிடந்த நிலம் அது. நெல்லுக்குத்தானே குத்தகை, பருத்திக்கு யாரைக் கேட்டாய் என்று மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் நின்று சத்தம் போட்டார். பருத்தியைத்தான் கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டது என்றேன். அந்த வயதில் எனக்கு வாய் அப்படி.

மறுநாள் காலையில் செடிக்குள் பத்து மாடுகள் நின்றன. கோடையில் மாட்டை அவிழ்த்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் பத்துமே மிராசுதார் வீட்டு மாடுகள். வக்கீல் குமாஸ்தாவிடம் ஓடினோம். "நிலம் உங்க சுவாதீனத்துல, உங்க கைவசம் இருக்கணும்மா. கேஸ் முடியிற வரைக்கும் ஒரு நாள்கூட ஆள் இல்லாம விட்டுடாதீங்க" என்றார். என் வீட்டுக்காரர் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் சுவாதீனம் என் தலையில் விழுந்தது.

மகளுக்கு அப்போது ஐந்து மாதம். நடவு, களை என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வரப்போரத்துப் பூவரச மரத்தில் தூளி கட்டிவிடலாம். பருத்திக் கொல்லையில் அது முடியாது. ஓயாமல் பூச்சிமருந்து அடிக்க வேண்டும். அந்த வாடையில் பெரியவர்களுக்கே தலை சுற்றும். வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்பேன். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அக்காவுக்கு அப்போது மூன்றாவது பிள்ளை கையில் இருந்தது. "ஒண்ணு குடிக்குது, கூட இன்னொண்ணும் குடிச்சிட்டுப் போவுது. எங்கிட்ட விட்டுடுடி" என்று அவராகவேதான் சொன்னார்.

விடிந்ததும் போய்ப் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். மதியத்துக்குள் பால் கட்டி மார்பு விண்விண் என்று தெறிக்கும். செடி மறைவில் குந்தி மண்ணிலே பீய்ச்சிவிட்டு வருவேன். வைகாசியில் காய் வெடித்து, மடி கொள்ளாமல் பருத்தி எடுத்தபோது எனக்குப் பால் வற்றிவிட்டிருந்தது. அதன் பிறகு நெல் நடவுக்கும் பிள்ளையைத் தூக்கிப்போக வழியில்லை.

மகள் குப்புற விழுந்தாள், பல் முளைத்தது, சுவரைப் பிடித்து நின்றாள் என்று ஒவ்வொன்றையும் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த கோடையும் பருத்தி, அதே காவல். அக்காவின் மூத்த பிள்ளைகள் அவரை அம்மா என்றும் என்னைச் சின்னம்மா என்றும் கூப்பிடுவார்கள். பேச்சு வந்ததும் என் மகளும் அதையே பிடித்துக்கொண்டாள். வீடே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன், புத்தி கெட்டவள்.

ஒருவழியாக எங்கள் பெயர் பதிவேட்டில் ஏறியது. அன்று பொழுது இருக்கும்போதே வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கினேன். திமிறிக்கொண்டு அக்காவிடம் ஓடினாள். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. என் பிள்ளையை எடுத்துக்கொண்டீர்கள் என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். மறுநாள் அக்கா தன் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பூதலூரில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாதம் கண்ணில் படாமல் இருந்தால் பிள்ளை என்னிடம் ஒட்டிக்கொள்ளும் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

மகள் வாசற்படியை விட்டு நகரவில்லை. சோறு இறங்கவில்லை, அழுது அழுது தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நானே ரயில் ஏறிப் போய் அக்காவைக் கூட்டிவந்தேன். அதற்கு மேல் என்னால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை.

வளர்ந்த பிறகு அவளுக்கு எல்லாம் தெரியும். என் மேல் பிரியம் இல்லாமலும் இல்லை, தீபாவளிக்கு எனக்குத்தான் முதலில் புடவை எடுப்பாள். நாக்குதான் திரும்பவில்லை. ஒரே ஒரு தடவை அம்மா என்று சொல்லேன் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டிருக்கிறேன். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல அம்மா என்றாள். அடுத்த நிமிஷம், சின்னம்மா தண்ணி குடு என்றாள்.

அவளுடைய தலைப்பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில். அக்காவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து அம்மா என்று அலறல் கேட்டது. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். வலி வந்தால் யாரும் அப்படித்தான் கத்துவார்கள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் கதவுப் பக்கம் ஓரடி வைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்துகொண்டு, "உன்னத்தான்டி கூப்புடுறா" என்றார்.

நர்ஸ் என்னை உள்ளே விட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த மகள், வேர்த்த முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"சின்னம்மா, அம்மா வரலயா?"

வெளியில்தான் இருக்கிறார், அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.