ஹாலுக்குள் ஒரு படிக்கட்டு

எங்கள் வீட்டு ஹாலுக்குள் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதில் யாரும் ஏறுவதில்லை, இறங்குவதும் இல்லை. துடைப்பதற்கு மட்டும் நான் இருக்கிறேன்.

கதிர்காமத்தில் மாமனாரின் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே குறுகலான மனையில் மாடிவீடு கட்டுவது என்று முடிவானது. கீழே மாமனாரும் நாங்களும், மேலே கொழுந்தனார் குடும்பம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. சண்டை வந்தது படிக்குத்தான். கொழுந்தனார் வெளிப்படி கேட்டார். ஓரகத்தி வேலைக்குப் போகிறவள், நேரங்கெட்ட நேரத்தில் வருவாள், ஒவ்வொரு தடவையும் எங்கள் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டுமா என்றார். நியாயம்தான். ஆனால் மாமனார் பிடித்த பிடியை விடவில்லை.

"படி உள்ள இருந்தாத்தான்டா ஒரே வூடு. வெளிய வெச்சா நீ யாரோ, நான் யாரோ. பேரப்புள்ளைங்க என் மூஞ்சியப் பாத்துட்டு ஏறட்டும்."

மாமியார் போன பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை அது. முட்டிவலியால் அவரால் மாடி ஏற முடியாது. மேலிருந்து யாராவது இறங்கி வந்தால்தான் உண்டு. இன்ஜினியரோடு பேசிப் பேசி என் வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். உள்ளே ஒரு படி, வெளியே ஒரு படி. அதற்காக என் அடுப்படி பாதியாகிவிட்டது. போய்த் தொலையட்டும், பெரியவர் சந்தோஷமாக இருந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

குடிவந்த அன்றே படிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்.

"யாரும்மா போறது?"

"உங்க சின்னப்புள்ளதான் மாமா."

"ஓ" என்பார். கண் மட்டும் உள்படியை விட்டு நகராது. பேரப்பிள்ளைகள் என்றைக்காவது வாசல் வழியாக வந்து தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும்.

போன மாதம் ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து வந்து பார்க்கிறேன், நாற்காலி காலி. மாமனார் உள்படியின் உச்சியில், மேல்வீட்டின் சாத்திய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் அழுக்கு. தவழ்ந்துதான் ஏறியிருக்க வேண்டும்.

"தட்டிப் பாத்தேம்மா. உள்ள டிவி ஓடுது. யாருக்கும் கேக்கல."

கைத்தாங்கலாக இறக்கி உட்கார வைத்துவிட்டு வெளிப்படியில் ஏறினேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் போனேன். மேலே போய்ப் பார்த்தால், அந்தக் கதவை அடைத்துக்கொண்டு பிரிட்ஜ் நிற்கிறது.

"கதவ மறச்சி யாராவது பிரிட்ஜ் வெப்பாங்களாடி? மனுஷங்கதானா நீங்க?"

ஓரகத்தி மிரண்டுபோனாள். "வேற எங்கக்கா வெக்கறது? ப்ளக்கு அங்கதான இருக்கு?"

"அங்க ப்ளக்கு வெக்கச் சொன்னது யாரு?"

அவள் தரையைப் பார்த்தாள். "உங்க வூட்டுக்காரருதான்க்கா. படியக் கட்டிட்டா அப்பா சமாதானமாயிடுவாரு, அப்புறம் கதவாண்ட பிரிட்ஜ வெச்சிக்குங்கன்னு வயரிங் போடும்போதே சொல்லிட்டாரு."

வயர் இழுக்கும்போதே மூடிவிட்ட கதவு அது. பெரியவருக்குக் காட்ட ஒரு பொம்மைப் படி. என் அடுப்படியைக் கொடுத்ததும் இந்தப் பொம்மைக்குத்தான். யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பா மனசு நோகக்கூடாதுன்னுதான்" என்றார், தண்ணீர் குடித்துக்கொண்டே. அவ்வளவுதான். இவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று நினைக்கவே வெறுத்துப்போனது.

நான் இறங்கி வந்தபோது தூங்கிப்போயிருந்த மாமனார் ஹாலிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னாம்மா சொன்னாங்க மேல? தெறப்பாங்களா?"

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"தெறப்பாங்க மாமா. பிரிட்ஜுக்கு வேற எடம் பாத்துட்டுத் தெறக்கறாங்களாம்."

"அப்ப இந்த நாற்காலிய இன்னும் கொஞ்சம் படிகிட்ட தள்ளிப் போடும்மா."

தள்ளிப் போட்டேன்.