கப்பல்காரனுக்கு எதுக்குக் கிராஜுவிட்டி?

கப்பல் டூர் விற்கிற தொழிலில் கடலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டிப்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

பாண்டி பஜாரில் ஒரு ஜூஸ் கடைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். சிங்கப்பூரில் ஏற்றி, பினாங்கு, ஃபுக்கெட் என்று சில நாள் சுற்றிக் காட்டிவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் கப்பல்கள்தான் என் சரக்கு. விசா, ஜன்னல் வைத்த அறை, சைவச் சாப்பாடு எல்லாம் சிரித்த முகத்தோடு பேசி முடியும். கடைசியில் ஒரு வரி வரும். ஆளுக்கு, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று கப்பல் சிப்பந்திகளுக்கான டிப்ஸ். என்னிடமே முன்கூட்டிக் கட்டலாம். கட்டாவிட்டால் கப்பலில் உங்கள் கணக்கில் தானாக ஏறும். பிடிக்கவில்லை என்றால் கப்பல் கவுண்டருக்குப் போய்க் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாம். என் வாழ்நாள் சண்டையில் பாதி இந்த ஒரு வரியால் வந்ததுதான்.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களே, மெடிக்கல் ஷாப்பில் சில்லறை கேட்டுத் திட்டு வாங்குகிறவர்களே, ஸ்கூல் ஃபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் சொல்கிறேன்.

ஆடிட்டர் மாமாவின் ஆட்சேபணை

மயிலாப்பூர் ராமசேஷன் மாமா வங்கியில் ஆடிட் பார்த்து ரிடையர் ஆனவர். மனைவி கல்யாணி மாமி வயலின் சொல்லித் தருகிறவர். மாமா என் கொட்டேஷனை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்து, ‘கிராஜுவிட்டி’ என்ற இடத்தில் பேனாவை ஊன்றினார்.

“ஏம்மா, கிராஜுவிட்டிங்கறது ரிடையர் ஆகறச்சே ஆபீஸ்ல குடுக்கறது. எனக்கும் குடுத்தா. கப்பல்காரனுக்கு நான் எதுக்குக் கிராஜுவிட்டி குடுக்கணும்? நானா அவனை வேலைக்கு வெச்சேன்?”

டிப்ஸுக்குத்தான் அங்கே அப்படிப் பெயர் என்று சொன்னேன். மாமாவுக்கு இன்னும் கோபம் வந்தது. “டிப்ஸ்னா டிபன் நன்னா இருந்தா வெக்கறது. இட்லி வரதுக்கு முன்னாடியே எவனாவது டிப்ஸ் வெப்பானோ?”

அதுவரை சுவரில் மாட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி திரும்பினார். “ஏன்னா, டிசம்பர்ல சபாவுக்கு டிக்கெட் வாங்கிண்டுதானே உள்ள போறோம்? பாட்டு நன்னா இருந்தா அப்புறம் தரேன்னு வாசல்ல நின்னுண்டு இருக்கோமா?”

“மத்தியானக் கச்சேரியெல்லாம் ஃப்ரீதானேடி!”

மாமி குரலை உயர்த்தவே இல்லை. “ஃப்ரீதான். அதுக்குத்தான் என் சிஷ்யை ஆட்டோவுக்குத் தன் கைக்காசைப் போட்டுண்டு வந்து வாசிச்சுட்டுப் போறா.”

அண்ணாச்சியின் அட்வான்ஸ்

ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் மாடசாமி அண்ணாச்சி குடும்பத்தோடு வந்த டூரில் நானும் கூடப் போயிருந்தேன். கப்பல் ஏறின அன்றே கவுண்டருக்குப் போய்த் தானாக ஏறும் டிப்ஸை எடுக்கச் சொல்லிவிட்டார். “காசு வேண்டாம்னு சொல்லல தாயி. என் கையால குடுப்பேன். மொதல்லயே குடுத்துட்டா நம்ம டேபிளைச் சுத்திச் சுத்தி வருவான் பாருங்க” என்று எனக்கு வியாபாரம் சொல்லிக்கொடுத்தார். அன்று மத்தியானமே எங்கள் மேஜைக்குப் பரிமாறிய பிலிப்பினோ வெயிட்டரின் கையில் பெரிய நோட்டு ஒன்றை வைத்து அழுத்தினார். அவரும் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார்.

அடுத்த நிமிஷம் அந்த வெயிட்டர் நேராகச் சூப்பர்வைசரிடம் போய் அந்த நோட்டைக் கொடுத்தார். அண்ணாச்சி பார்த்துவிட்டார். நாற்காலி பின்னால் சரிய எழுந்தார். ஏழையிடம் மேலதிகாரி பிடுங்குகிறான் என்று அவருக்கு உண்மையிலேயே ரத்தம் கொதித்தது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் சூப்பர்வைசரை அழைத்து வந்து நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். கணக்கிலிருந்து டிப்ஸை நீக்கிவிட்ட அறையிலிருந்து கையில் வரும் காசு, இந்தக் கப்பலில் பொதுவில்தான் சேர வேண்டும். சமையலறையில் தட்டு கழுவுகிறவர் வரைக்கும் அதில் பங்கு உண்டு. மறைத்து வைத்தால் அந்த வெயிட்டருக்கு வேலை போய்விடும்.

அண்ணாச்சி மெதுவாக உட்கார்ந்தார். வெயிட்டரின் முகத்தைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “எங்க கடையிலயும் பையனுவ கஸ்டமர்ட்ட காசு வாங்கினா கல்லாவுக்குப் பக்கத்துல இருக்க உண்டியல்லதான் போடணும், தீபாவளிக்குப் பிரிச்சுக் குடுப்பேன். நம்ம உண்டியலக் கப்பல்ல கொண்டாந்து வச்சிருக்கானுவளே தாயி!”

அடையாறு புரட்சி

அடையாறில் ஒரு அபார்ட்மென்ட் சங்கமே குடும்பம் குடும்பமாகக் கிளம்பியது, நானும் கூடப் போனேன். செயலாளர் சுந்தர் சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். நல்ல மனிதர், லிஃப்ட் ரிப்பேர் ஆனாலும் ஆளைக் கூப்பிட்டுக் கூட நின்று சரி செய்கிறவர். கப்பலில் இரண்டாம் நாள் காலை, சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அவர் செய்தி வந்தது: டிப்ஸ் கட்டாயமில்லை, எல்லோரும் டிபன் முடிந்ததும் கவுண்டருக்கு வாங்க, ஒரேயடியாக எடுத்துவிடலாம். நான் போவதற்குள் ஷார்ட்ஸும் சுடிதாருமாக ஒரு பெரிய வரிசை நின்றிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சிரிப்பு மாறவில்லை, கண்தான் மாறியிருந்தது.

“மேடம், நீங்களே சொல்லுங்க” என்றார் சுந்தர். “சம்பளம் குடுக்க வேண்டியது கம்பெனி. அதை டிக்கெட்லயே சேத்து வாங்கட்டும், நான் சந்தோஷமா தரேன். டிக்கெட் சீப்னு விளம்பரம் பண்ணிட்டு, சம்பளத்தை நம்ம தலையில கட்டினா என்ன நியாயம்?”

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் ஒன்று தெரியும். இத்தனை குடும்பமும் எடுத்துவிட்டால் கம்பெனிக்குக் கொசு கடித்த மாதிரிகூட இருக்காது. எங்கள் அறைகளைப் பெருக்குகிறவர்களுக்கு அந்த வாரம் வீட்டுக்கு அனுப்பும் பணம் குறையும். அதைத்தான் சொன்னேன். வரிசை கொஞ்சம் நெளிந்ததே தவிரக் கலையவில்லை.

அப்போது வரிசை ஓரத்தில் காபி கோப்பையோடு நின்ற தணிகாசலம் ஐயா வாயைத் திறந்தார். கோடம்பாக்கத்தில் சினிமா புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவர். மகள் அந்த அபார்ட்மென்ட்டில் இருப்பதால் கூட வந்தவர். “இன்னா சார், பேட்டா கேஸு மாரி கீது” என்றார். யாருக்கும் புரியவில்லை. அவரே விளக்கினார். சினிமாவில் சம்பளம் வேறு, அன்றன்றைக்குக் கையில் தரும் பேட்டா வேறு. “ஒரு தபா எங்க புரொடியூசரு, பேட்டாவெல்லாம் சம்பளத்தோட சேத்து அப்பால தரேன்னுட்டாரு. லைட்மேனுங்க லைட்ட அணைச்சானுங்க. மேலேர்ந்து எறங்கி வந்து வரிசையா குந்திக்கினானுங்க. ஹீரோ மேக்கப்ப போட்டுக்கினு இருட்டுல நிக்கறாரு. சம்பளம் வாடகைக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பூடும் சார். அன்னிக்கி அடுப்பு எரியறது பேட்டாலதான்.”

முதலில் ஒரு டீச்சரம்மா வரிசையை விட்டு விலகினார். அவர் பின்னாலேயே அவர் கணவர். பிறகு நீச்சல்குளம் பக்கம் ஒவ்வொரு குடும்பமாக நழுவியது. சுந்தர் நழுவவில்லை. தன் டிப்ஸை எடுத்துவிட்டு, சம்பளத்தை டிக்கெட்டிலேயே சேர்க்கச் சொல்லிக் கம்பெனிக்குப் பெரிய மெயில் ஒன்று அங்கேயே நின்று தட்டினார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. தணிகாசலம் ஐயாவும் அவரைக் குறை சொல்லவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “அவரு சொல்றதும் கரெக்ட்டுதாம்மா, ஆனா மெயிலுக்கு பதில் வர்ற வரிக்கும் இவுங்களுக்குப் பசிக்கும்ல?”

வக்கீல் மேடம் கொடுத்த ஃபீஸ்

நான் எப்போதும் கப்பல்காரன் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வந்த சரஸ்வதி மேடம் வக்கீல். நான் கூடப் போன இன்னொரு டூருக்குத் தனியாக வந்திருந்தார். அவர் அறைக் குளியலறையில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்து கம்பளமெல்லாம் நனைந்துவிட்டது. ஃபோன் செய்தார், நேரில் போய்ச் சொன்னார், நானும் போய்ச் சொன்னேன். ‘இதோ’ என்றார்களே தவிர யாரும் வரவில்லை. கடைசியில், அந்தத் தளத்துக்கே சம்பந்தமில்லாத, நடைபாதை துடைக்கிற ஓர் ஊழியர் வழியில் பார்த்துவிட்டு, முட்டிக்கால் போட்டு எல்லாவற்றையும் அள்ளிச் சுத்தம் செய்தார். மூக்கைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

மேடம் அறையை மாற்றிக்கொண்டார், கவுண்டருக்குப் போய் டிப்ஸை மொத்தமாக நீக்கச் சொன்னார். மேடத்தைச் சமாதானப்படுத்துங்கள் என்று ஓர் அதிகாரி என்னிடம் வந்தார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு மேடம் அந்த ஊழியரைத் தேடிப் பிடித்து, அந்த அதிகாரியின் கண்ணெதிரிலேயே பணத்தைக் கையில் கொடுத்தார். டிப்ஸை நீக்கிய அறையின் காசு பொதுவில் சேர வேண்டும் என்று அதிகாரி ஆரம்பித்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “டிப்ஸ்னாதானே பொதுவுல சேரணும்? இது டிப்ஸ் இல்ல, ஃபீஸ். வக்கீல் சொல்றேன், எழுதித் தரட்டுமா?”

டீச்சர் மகன் வேலை செய்யும் கப்பல்

சாந்தோமிலிருந்து பிலோமினா டீச்சரும் கணவர் ஆரோக்கியராஜ் சாரும் வந்து ஒரு குறிப்பிட்ட கப்பலின் பெயரைச் சொல்லி அதில்தான் போக வேண்டும் என்றார்கள். அவர்கள் மகன் ஜெரால்டு அந்தக் கப்பலின் சலவைப் பிரிவில் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர முடியவில்லை. வராதீங்க, பயணிகள் இருக்கும் மேல்தளத்துக்கு நான் வர அனுமதியில்லை, பார்க்கவும் முடியாது, பணம்தான் வீண் என்று அவன் சொல்லியிருந்தான். இவர்கள் அவனிடம் சொல்லாமலே கிளம்பினார்கள். டிப்ஸ் வரி வந்தபோது நானே கொஞ்சம் தயங்கினேன். “அதையும் சேத்துக் கட்டிடுங்க மேடம்” என்றார் சார்.

நான் கூடப் போகவில்லை. திரும்பி வந்ததும் டீச்சர் ஒரு பாக்கெட் கேக்கோடு மாடியேறி வந்து சொன்னார். முதல் நாள் அறைக்குள் போனதும் படுக்கை விரிப்பைத் தடவிப் பார்த்தாராம், இதை அவன் கை தொட்டிருக்குமோ என்று. தலையணை உறையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். அறையைச் சுத்தம் செய்ய வந்த இந்தோனேசிய ஊழியர் பயந்துபோய், துணி சரியில்லையா, மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். சார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். அந்த ஊழியர் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த நாள் கப்பல் பினாங்கில் நின்றபோது கதவைத் தட்டி, இறங்கித் துறைமுக வெளி கேட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள் என்றார். அவர் கீழே போய்ச் சொல்ல, சலவைப் பிரிவுத் தலைவர் ஜெரால்டுக்குக் கொஞ்ச நேரம் லீவு கொடுத்திருந்தார்.

“ஓடி வந்தான் மேடம். யூனிஃபார்மோட. இளைச்சுட்டான். கையில இஸ்திரி மெஷின் சுட்ட தழும்பு. என்னைத் திட்டணும்னு வாயெடுத்தவன், அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டான். ரோட்டோரக் கடையில நாங்க மூணு பேரும் நூடுல்ஸ் சாப்பிட்டோம். அவன் சாப்பிடறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.” கப்பலுக்குத் திரும்பியதும் சார் அந்த இந்தோனேசிய ஊழியருக்குப் பணம் கொடுக்கப் போயிருக்கிறார். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் சார் என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். இறங்குகிற அன்று டீச்சர் அவரிடம் தன் கழுத்தில் இருந்த வேளாங்கண்ணி மாதா பதக்கத்தைக் காட்டி, உங்களுக்காக வேண்டிக்கொள்வேன் என்றார். அதை மட்டும் அந்த ஊழியர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

முன்கூட்டிக் கட்டிய டிப்ஸில் சலவைப் பிரிவுக்கும் ஒரு பங்கு போகும் என்று டீச்சருக்கு அப்போதுதான் நான் சொன்னேன். அவர் தெரியும் என்பதுபோலத் தலையசைத்து, கேக் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார். “நாங்க கட்டினதை அவன்கிட்ட சொல்லல மேடம், சொன்னா அவன் பங்கைத் திருப்பி அனுப்பிடுவான்.”

ஆக, முன்பணமா கைக்காசா என்று இத்தனை பேருக்கும் தொண்டை வறள விளக்கிய எனக்கு, இந்த இரண்டு வழியிலும் இதுவரை ஒருவரும் டிப்ஸ் தந்ததில்லை என்பதை மட்டும் சக ஊழியர்களான உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.