யோகா மிஸ்ஸுக்கு மூச்சு வாங்குகிறது

நாலு வயதுக் குழந்தைகளைக் கண்மூடி உட்காரவைப்பதற்கு யோகா வகுப்பு என்று பெயர்; அதில் மூச்சு வாங்குவது மிஸ்ஸுக்கு மட்டும்தான். பெற்ற பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுக் கால் நகராமல் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் கட்சி.

நான் யோகா மிஸ் ஆனதே பயத்தால்தான். மலைப்பாதை வளைவு, காட்டெருமை, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் பயம். மகள் நிலாவை எங்கள் மலையூர் கொட்டச்சேட்டு நர்சரிப் பள்ளியில் சேர்த்தபோது அவள் என் துப்பட்டாவை விடவில்லை. "பயமா இருந்தா ஆயாகிட்ட உக்காந்துக்க கண்ணு, அம்மா வந்துருவேன்" என்பேன். சொல்லிவிட்டு நானும் அழுவேன். படித்த கான்வென்டில் நான் யோகா கற்றவள் என்று தெரிந்ததும் தலைமை ஆசிரியை ஒரு வழி சொன்னார்: கிறிஸ்துமஸ் லீவு வரை வகுப்பெடுத்துக்கொண்டு கூடவே இருக்கலாம். அதற்குள் நிலா தனியாக இருக்கப் பழகாவிட்டால், இனி அடுத்த வருடம்தான் சேர்க்கை.

சவாசனம்

ஜூன், முதல் வாரம். "செத்துப்போன மாதிரி அசையாம படுங்க" என்று சொன்னது என் தப்புதான். பாதிப் பேர் படுத்தார்கள். மீதிப் பேர் சும்மா இருப்பார்களா? தேன்மொழி தலையில் கைவைத்து ஒப்பாரியைத் தொடங்கினாள். இரண்டு பேர் டிபன் பாக்ஸில் பறை அடித்தார்கள். தொட்டியிலிருந்த சாமந்தி முழுக்கப் பிணங்கள் மேல் விழுந்தது. நிலா நிஜமென்றே நம்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

சத்தம் கேட்டு வந்த ஆயா பாப்பாத்தியக்கா வாசலில் நின்று பார்த்தார். முகம் மாறவில்லை. "செத்தவங்களையெல்லாம் எந்திரிச்சுக் கை கழுவச் சொல்லுங்க மிஸ், சோறு ஆறுதுங்க."

மூச்சுப் புகை

நவம்பர் காலை, ஜன்னல் வரை பனிமூட்டம். "கண்ணை மூடி மூச்சைக் கவனிங்க" என்றேன். ஒருவரும் மூடவில்லை. குளிரில் ஒவ்வொரு வாயிலிருந்தும் புகை. யாருடையது நீளம் என்று போட்டி. என் மடியில் இருந்தபடியே நிலாவும் ஊதினாள். மூன்றாம் முறை நான் கெஞ்சியபோது முதல் வரிசை சக்திவேல் பொறுமையாக விளக்கினான்: "மூடிட்டா என்ற புகை எங்க போச்சுன்னு எப்புடிங்க மிஸ் தெரியும்?"

மெதுநடை

டிசம்பர். "ஒவ்வொரு அடியையும் உணர்ந்து நடங்க" என்றேன். எஸ்டேட் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டி, பாதத்தைத் தூக்காமல் தரையில் இழுத்து இழுத்து, நூல் பிடித்த மாதிரிப் போனார்கள். சுவர் வந்ததும் ஒரு பாதம் தள்ளித் திரும்பினார்கள். நிலாகூட என் விரலை விட்டுவிட்டு அவர்கள் பின்னால் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை ஆழ்ந்த தியானம்!

தியானமில்லை. களத்தில் காயும் காப்பிக்கொட்டையை, வேலையைக் கண்காணிக்கும் ரைட்டர் முன்னால் அவர்கள் அப்பா அம்மா காலால் கிளறும் நடை அது. தேன்மொழி நின்று எச்சரித்தாள்: "இதுக்கும் மெதுவா நடந்தா எஸ்டேட் ரைட்டர் வந்து வைவாருங்க மிஸ்."

பத்து நிமிடம்

லீவுக்கு முந்தின நாள் பரீட்சை. பத்து நிமிடம் நான் வெளியே, நிலா உள்ளே. வகுப்பைத் தலைமை ஆசிரியையே நடத்தினார். நான் வாசலைத் தாண்டிச் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றேன். இரண்டு நிமிடம் தாங்கவில்லை. குனிந்தபடி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

எல்லோரும் சம்மணமிட்டிருந்தார்கள், நிலாவும். அழவில்லை, வாசலைப் பார்க்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியைப் பற்றியிருந்தேன். என் வளையல் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "மூச்சு விடும்மா. பயமா இருந்தா ஆயாகிட்ட உக்காந்துக்க, நான் வந்துருவேன்."

ஆக, ஆறு மாதத்தில் ஒரு மாணவியைத் தேற்றிவிட்டேன். மிஸ்தான் இன்னும் எல்.கே.ஜி.யிலேயே இருக்கிறாள்.