இல்லாதவளுக்கு ஆளுக்கொரு பிடி

எங்கள் எஸ்டேட்டில் வீடு ஆளுக்குக் கிடையாது, பேருக்குத்தான். குடும்பத்தில் ஒருவர் பேராவது நிரந்தரத் தொழிலாளியாகப் பதிவில் இருக்க வேண்டும். அது இருக்கும்வரை, எஸ்டேட் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு இருக்கும். பேர் விழுந்துவிட்டால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். கீழ் கோத்தகிரிப் பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள்தான், இந்தக் கூலிக்கு ஏன் இங்கேயே கிடக்கிறீர்கள், ஊட்டியில் எத்தனை வேலை இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. என் தங்கச்சியும் தன்னையே அப்படிக் கேட்டுக்கொண்டவள்தான்.

நான் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறேன். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். எந்தக் குழந்தை வந்தது, எது பால் குடித்தது, எதற்குச் சளி என்று எழுதிப் பழகியதில், வீட்டிலும் தினம் நாலு வரி எழுதும் வழக்கம் வந்துவிட்டது. அதனால் நடந்ததை வரிசை மாறாமல் சொல்ல முடியும்.

தங்கச்சி என்னைவிட எட்டு வயது இளையவள். பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து எடுக்கிறாள். அவள் புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். பிள்ளை இல்லை. அம்மா அவளோடுதான் இருக்கிறாள். போன வருஷம் அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. என் வீட்டில் ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அதற்குள் மாமனார், மாமியார், வீட்டுக்காரர், இரண்டு பையன்கள். அம்மாவின் கட்டில் அங்கே நுழையாது. அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சீசன் ஆரம்பிக்கும் நேரத்தில் ஊட்டியில் பெர்ன்ஹில் பக்கம் ஒரு ஹோட்டலில் தங்கச்சிக்கு வேலை வந்தது. அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலை. சம்பளம் இங்கே வாங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மழையில் நனைய வேண்டாம், அட்டை கடிக்காது. ஒரு மாதம் வேலையைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம், குடும்பத்தோடு இருக்கப் பின்பக்கம் ஒரு அறையும் தருவார்கள். அதுவரை பெண்கள் தங்கும் கூடத்தில் அவளுக்கு மட்டும் ஒரு கட்டில்.

ஆக, அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க அம்மா படுத்திருக்க இந்த வீடு வேண்டும். இருந்த லீவையெல்லாம் அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டதிலேயே தீர்த்திருந்தாள். சொல்லாமல் நின்றால் பேர் விழும். ஊட்டியில் வாடகைக்குக் கேட்டுப் பார்த்தோம். படுக்கையில் கிடக்கும் ஆள் உண்டு என்றதும் போனை வைத்துவிட்டார்கள்.

வழி சொன்னது அவளோடு சேர்ந்து கொழுந்து எடுக்கும் செட்டில் மூத்தவர். எல்லோரும் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒரு மாசந்தானடி? ஆளு போகட்டும், பேரு இங்க கெடக்கட்டும்," என்றார். "ஓடிப்போன எம் புருசன் பேர இத்தன வருசமா ரேசன் கார்டுல வச்சுக் காப்பாத்துறேன். ஒன் பேர ஒரு மாசம் காப்பாத்த மாட்டனா?"

எங்கள் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. செட்டில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால், எடை போடும் முன் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் சாக்கில் போடுவார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை, கணக்கும் வைத்துக்கொள்வதில்லை. வயிற்றில் பிள்ளையோடு நின்றவர்களுக்கும் காய்ச்சலோடு நின்றவர்களுக்கும் அப்படித்தான் எடை வந்திருக்கிறது. இந்தத் தடவை ஆளே இல்லாத சாக்குக்குப் போடுவது, அவ்வளவுதான் வித்தியாசம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தைப் பெரட்டு என்போம். அங்கே அவள் பேருக்கு யாராவது ஒருத்தி குரல் கொடுக்க வேண்டும். எடை போடும்போது அவளுடைய கார்டைத் தராசில் தட்ட வேண்டும். சூப்பர்வைசரிடம் மதினியே போய்ப் பேசினார். சூப்பர்வைசரும் எங்கள் லைனிலேயே பிறந்து வளர்ந்தவர்தான்.

"எனக்கு எதுவும் சொல்லாதீங்க," என்றாராம். "நான் சாக்கத்தான் எண்ணுவேன். தலைய எண்ணச் சொல்லி எனக்கு ஆர்டர் இல்ல."

தங்கச்சி ஒரு பையோடு பஸ் ஏறினாள். ராத்திரி நான் அம்மாவோடு படுத்துக்கொண்டேன். மத்தியானம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் ஓடிப்போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வருவேன்.

ஹோட்டலில் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்கு வந்தவள் உட்காரவில்லை. முதலில் அம்மாவின் கட்டிலைச் சரி செய்தாள். விரிப்பை இழுத்து, மூலையை உறை மடிப்பதுபோல் மடித்து, மெத்தைக்கு அடியில் செருகினாள். ஒரு சுருக்கம் இல்லை.

"என்னாடி இது, காலக் கட்டிப் போட்டுட்ட?" என்றாள் அம்மா.

"காசு குடுத்துத் தங்குறவங்களுக்கு இப்படித்தாம்மா. நீ ஓசி, பேசாம படு."

பிறகு சாக்கை எடுத்துக்கொண்டு தன் பேருக்குத் தானே கொழுந்து எடுக்கப் போனாள். விடுமுறை நாளில் வேலைக்குப் போகிறாயே என்றேன். "மத்த நாளெல்லாம் அவங்க எனக்காக நிக்கறாங்க, அக்கா. இன்னிக்காவது என் பேருக்கு நான் நிக்கறேன்," என்றாள். அவள் முகத்தில் அப்போது இருந்த தெளிவை நான் அதற்கு முன் அவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் நல்ல மழை பெய்து வெயிலும் அடித்தது. காடு முழுக்கக் கொழுந்து தள்ளியது. எல்லோர் சாக்கும் நிறைந்தது, எல்லோர் கையும் தாராளமானது. காலை எடையில் போட்டவள் மத்தியான எடையிலும் போட்டாள், சாயங்காலமும் போட்டாள். மற்றவர்கள் குறைத்துப் போட்டிருப்பார்களோ, பேர் விழுந்துவிடுமோ என்று ஒவ்வொருத்தியும் ஒரு பிடி கூடவே போட்டாள். முன்பு சூப்பர்வைசர் கையால் எழுதிய காலத்தில் அவருக்காவது தெரிந்திருக்கும். இப்போது கார்டைத் தட்டினால் எடை நேரே ஆபீசுக்குப் போய்விடுகிறது. மொத்தம் என்ன வருகிறது என்று இங்கே யாரும் பார்க்கவில்லை.

ஆபீசில் பார்த்தார்கள். புது மேனேஜர் இளம் வயது, கெட்ட மனிதர் இல்லை. வேலையாட்களை உற்சாகப்படுத்த வேண்டுமென்று, அந்த மாதத்திலிருந்து அதிகம் கொழுந்து எடுப்பவருக்குப் பரிசு என்று நினைத்திருக்கிறார். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு நாள் காலை, காகிதம் சுற்றிய பிரஷர் குக்கரோடு பெரட்டுக்கு வந்துவிட்டார். காப்பகம் பெரட்டுக்கு மேலேதான். ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன்.

அவர் தங்கச்சியின் பேரைப் படித்தார்.

இரண்டு பேர் கைதட்டினார்கள். சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். மேனேஜர் இன்னொரு தடவை படித்தார்.

"கொல்லைக்குப் போயிருக்கா சார்," என்றார் மதினி.

"பரவால்லம்மா, வரட்டும். போட்டோ எடுக்கணும்," என்றார் அவர். செல்போனைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். தேயிலைச் செடிகளுக்கு மேல் பனி விலகும்வரை அவர் நின்றார் என்று அன்றைக்கு எழுதி வைத்திருக்கிறேன். கடைசியில் சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். "நாளைக்குக் காலைல அந்தம்மா இங்க நிக்கணும். நின்னா, இத்தன நாளும் லீவுன்னு எழுதிக்கறேன். இல்லன்னா ரூல்படிதான். அவங்க பேரும் போகும், உங்க வேலையும் போகும்," என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, குக்கரைத் தன் ஜீப்பிலேயே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

நான்தான் தங்கச்சிக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறக்கும் முன் அவள் பேசினாள். "அக்கா, இன்னிக்கு ஒரு மாடி முழுசும் என்கிட்டயே விட்டுட்டாங்க. கூட யாருமில்ல."

நான் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் சிரித்தாள்.

"நான் இருந்தப்ப ஒரு நாளும் மொதல்ல வந்ததில்லையே, அக்கா."

அம்மாவை இப்போதே கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியுமா என்று ஹோட்டலில் கேட்டிருக்கிறாள். சீசன், ஒரு மூலைகூடக் காலி இல்லை, இன்னும் ஒரு வாரம் எஸ்டேட்டில் பொறுக்கச் சொல் என்றிருக்கிறார்கள். யாரிடம் சொல்வது? சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, "ரெண்டு ரூம் மிச்சம் இருக்கு, முடிச்சிட்டு வர்றேன்," என்றாள். கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

அம்மா அதற்குள் கேள்விப்பட்டிருந்தாள். இளம் பெண்ணாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். "அங்கயும் பேரில்லன்னுதான் ஏத்தி விட்டாங்க," என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்னத் தூக்கி ரோட்டுல போட்டுட்டு நீ போயிருக்கலாம்ல?" தங்கச்சி விரிப்பின் மூலையை மடித்து, அழுத்திச் செருகினாள்.

ஒரு வாரத்தில் அந்த ஹோட்டல் வேலைக்கு வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள். ஊட்டியிலேயே சொந்த வீடு இருந்தவள் என்று கேள்விப்பட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குக் கால் ஊன்றிக்கொள்ள ஓர் இடம் இருந்தது, அதனால் எட்ட முடிந்தது.

கடைசி பஸ்ஸில் வந்த மறுநாள் காலையே தங்கச்சி பெரட்டில் நின்றாள். தன் பேருக்குத் தானே குரல் கொடுத்தாள். செட்டில் ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செய்தது நல்லதா கெட்டதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சாயங்காலம் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு எடை போடும் இடத்துக்குப் போனேன். தங்கச்சி கார்டைத் தட்டிச் சாக்கைத் தூக்கி வைத்தாள். அவள் இல்லாத நாட்களில் வந்த எடைக்கு வெகு கீழே வந்தது. சூப்பர்வைசர் அதை வழக்கம்போல் சத்தமாகப் படிக்காமல் வாய்க்குள்ளேயே படித்தார்.

பின்னால் நின்ற மதினியின் கை பழக்கத்தில் தன் சாக்குக்குள் போனது. ஒரு பிடி அள்ளித் தங்கச்சியின் சாக்கில் போட்டது. தங்கச்சி குனிந்து, அதைச் சிந்தாமல் இரு கையாலும் எடுத்து, மதினியின் சாக்கிலேயே திருப்பிப் போட்டாள்.

"வேணாம் மதினி," என்றாள். "நான்தான் வந்துட்டேனே."