தின்னர் போட்டுத் துடைத்த கை

அக்காவின் குழந்தையைத் தொட்டுப் பார்க்க இன்றைக்குத்தான் எனக்கு அனுமதி கிடைத்தது. குறைமாதத்தில் பிறந்தவள். வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள்.

நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் ஓரங்களுக்குச் சாயம் பூசுகிறேன். நகத்துக் கறுப்பு சோப்புக்குப் போகாது. கறைக் கையோடு அவளைத் தொடக் கூடாது என்று காலையில் சாயம் கரைக்கிற தின்னரை ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தேன். பஸ்ஸில் கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை.

வார்டு வாசலில் சோப்பு போட்டதும் கை எரிந்தது. சிஸ்டர் என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது, தோலெல்லாம் வெடிச்சிருக்கு?"

"கறுப்பு போறதுக்குத் தின்னர் போட்டேன் சிஸ்டர்."

"சாயக் கறை இருந்தா பரவால்லமா, நல்லா கழுவினா போதும். இந்த வெடிப்புலதான் கிருமி தங்கும். இன்னைக்குப் பார்த்துட்டுப் போ. ஆறினதும் வந்து தொடு."

பெட்டியருகே இருந்த அக்கா சிரித்துவிட்டாள். "உன்னை யாருடி இவ்ளோ சுத்தமா வரச் சொன்னா?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். குழந்தையின் கை எதையோ தேடுவது போல விரிந்து விரிந்து மூடியது. அதற்குள் என் விரல் இருந்திருக்க வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டேதான் வந்தேன். இனி என்ன?

கை சீக்கிரம் ஆற என்ன தடவலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கம்பெனித் தோழிகளே, தின்னர் என்று மட்டும் எழுதாதீர்கள்.